ஓஸ்ருக்: ஹீலர் முதலில் தன்னைத்தானே சுட வேணும்

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விளையாட்டில், ஐந்து பேர் போகிற ஸ்டோன்கோர் நிலவறையின் ஹீரோயிக் (கடின) வடிவத்தில் மூன்றாவது பொஸ் (தலைமை எதிரி) ஓஸ்ருக் ஒருவழியாக விழுந்தான். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 2024-25இல் ஓடிய கேட்டக்லிசம் கிளாசிக் பதிப்பில் லெவல் 85, சராசரி ஐட்டம் லெவல் (அணிந்த பொருட்களின் தர எண்) 329 வந்தவுடன் கதவு திறந்தது. அதை நம்பி உள்ளே போன ஹீலர்களுக்குத்தான் (குழுவின் உயிரை நிரப்புகிறவர்கள்) இது. முதல் இரண்டு பொஸ்களான கோர்போரஸ், ஸ்லாப்ஹைட் பற்றி இதில் ஒன்றும் இல்லை. அவற்றில் திணறுகிறவர்களுக்கு ஓஸ்ருக் இன்னும் தேவையில்லை.

இந்தச் சண்டையில் ஒரே ஒரு கேள்விதான் வரும். அவன் பாரலைஸ் அடிக்கும் நேரத்தில் உங்கள் உடம்பில் ஏதாவது ஒரு டொட் (சில செக்கனுக்கு ஒருமுறை அடிக்கிற தொடர் பாதிப்பு) எரிந்துகொண்டிருக்கிறதா? இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் 8 செக்கன் சிலைபோல நின்று, பொஸ்ஸின் அடியைத் தாங்குகிற டேங்க் சாவதைப் பார்க்கலாம். கியர், ஜெம், என்சான்ட் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஏன் என்று விளங்கினால் கை தானாக வரும். பாரலைஸ் எல்லாரையும் கட்டிப்போடும், ஆனால் சிறு அடி பட்டாலும் அறுந்துவிடும். அதன் பின்னாலேயே ஷட்டர் வருகிறது, பொஸ்ஸைச் சுற்றி 15 யார்டுக்குள் நிற்பவர்களை நொறுக்கும். கிட்ட நின்று அடிக்கிற டேங்கும் மெலீயும் கட்டை அறுத்து ஓடத்தான் வேணும். தூரத்தில் நிற்கிற ஹீலரை ஷட்டர் தொடாது. அதனால்தான் பலர் "நமக்கு ஆபத்தில்லை" என்று டொட் போடாமல் விடுகிறார்கள். உங்களுக்கு ஆபத்தில்லைதான். ஓடுகிற டேங்குக்கு அந்த 8 செக்கனும் ஹீல் இல்லை, அவ்வளவுதான்!

டொட் எங்கிருந்து வரும்? அவனே தருவான். எலிமென்டியம் புல்வார்க் என்ற அவன் கவசம் நிற்கும் 10 செக்கனும் அவன்மேல் அடிக்கிற மந்திரம் திரும்பி உங்கள்மேலேயே விழும். அப்போது ஒவ்வொரு ஹீலர் வகையும் அடிக்க வேண்டியவை:

பிரீஸ்ட்: ஷேடோ வேர்ட் பெயின், 18 செக்கன்.
ஷாமன்: ஃபிளேம் ஷொக், 18 செக்கன்.
ட்ரூயிட்: மூன்ஃபயர், 12 செக்கன்.
பலடின்: கீழே பார்க்கவும், பாவம்.

ட்ரூயிட் இங்கேதான் கோட்டை விடுகிறார். புல்வார்க் எழும்பிய உடனே மூன்ஃபயர் போட்டால் பாரலைஸ் வருவதற்குள் அது தீர்ந்துவிடலாம். பொஸ்ஸின் பஃப் வரிசையில் (அவன்மேல் உள்ள பலன்களின் ஐகன்கள்) புல்வார்க் 4 செக்கனுக்கு இறங்கும்வரை பொறுத்து அடியுங்கள். மற்ற இருவரும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தேவையில்லை.

பலடினுக்கு வழி வேறு. புல்வார்க்குக்குப் பிறகு ஸ்பைக் ஷீல்ட் என்ற முள் கவசம் வரும். அப்போது கிட்டப் போய் ஆயுதத்தால் ஒரு அடி அடித்தால் இரத்தக் கசிவு ஒட்டும், அதுவும் டொட்தான். ஒட்டியதும் 15 யார்டுக்கு வெளியே வந்துவிடுங்கள். மெலீக்காரருக்கும் இதே கணக்கு. அறுபடுவதற்கு ஒரு அடி போதும். ஆசைப்பட்டு அடிக்கிற மிச்ச அடியெல்லாம் உங்கள் மனாவில் (மந்திரத்துக்கான சக்தி) பற்று.

இனி, கை செய்கிற துரோகம். ஹீலரின் கண் எந்நேரமும் பார்ட்டி ஃபிரேமில் (குழுவின் உயிரளவைக் காட்டும் பெட்டிகள்) இருக்கும். திரும்பி விழுந்த ஷேடோ வேர்ட் பெயின் மேஜிக் டிபஃப் (மந்திரப் பாதிப்பு) என்பதால் உங்கள் சொந்தப் பெட்டியைச் சுற்றி நீலக் கோடு மின்னும். பழகிய விரல் மூளையைக் கேட்காமல் டிஸ்பெல்லை அழுத்தி அதை நீக்கிவிடும். அடுத்த நிமிடம் வைப், குழு முழுவதும் சாவு. இந்தச் சண்டை முடியும்வரை டிஸ்பெல் பட்டனை பாரில் இருந்து இழுத்து வெளியே போட்டுவிடுங்கள். குழுவில் இன்னொருவருக்கு டிஸ்பெல் இருந்தால் அவரையும் அந்தப் பட்டனை வெளியே போட வையுங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

டார்கெட் மாற்றுவதிலும் நேரம் போகும். சண்டைக்கு முன்பே ஓஸ்ருக்கை ஃபோகஸில் (இரண்டாவது குறி) வைத்து, டொட்டை அந்தக் குறிமேல் போகிற ஃபோகஸ் மக்ரோவாக ஒரே பட்டனில் வையுங்கள். டேங்கை விட்டுக் கண் எடுக்கத் தேவையில்லை. பட்டனை அழுத்தியதோடு விடாமல் உங்கள் டிபஃப் வரிசையில் ஐகன் வந்ததா என்று பாருங்கள். புல்வார்க் இறங்கியபின் அடித்தால் அது பொஸ்மேல் போய் ஒட்டும், உங்களுக்கு ஒரு குளோபல் (அடுத்த மந்திரத்துக்கான காத்திருப்பு) நட்டம்.

திருகோணமலையில் இருந்து விளையாடுகிறவர்களுக்கு இது இரட்டைச் சிக்கல். ஓஷியானியா சேர்வர் சிட்னியில் இருக்கிறது. பிங் (சேர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 200 மில்லிசெக்கன் தாண்டிவிட்டால் "4 செக்கன்" என்று திரையில் தெரிவது அங்கே அதற்கும் குறைவு, 5இலேயே அடியுங்கள். ஸ்பெல் கியூ விண்டோவை (அடுத்த மந்திரத்தை முன்கூட்டியே ஏற்கிற நேரம்) 400இல் இருந்து குறைக்கச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்க வேண்டாம், நம் தூரத்துக்கு 400 இருக்கட்டும். வைஃபையை விட்டு றவுட்டரில் இருந்து கேபிள் இழுங்கள். மாரி மழைக்கு உப்புவெளிப் பக்கம் லைன் விட்டு விட்டு வருகிற நாளில் இந்த பொஸ்ஸே வேண்டாம். நேரக் கணக்கும் உண்டு. சிட்னியில் இரவு 8 மணி என்றால் நமக்குப் பின்னேரம் 3.30, அவர்கள் கோடை நேரத்துக்கு மாறினால் 2.30. ரியூசன் முடித்து ஒன்பதுக்கு உட்கார்ந்தால் அங்கே ஊர் உறங்கிவிடும். ஆகவே ஐந்து பேரையும் இங்கேயே சேர்த்துக்கொண்டு போங்கள்.

தமிழில் பேசுகிற குழுவுக்கு ஒரு லாபம். டொட் ஒட்டியதும் ஒவ்வொருவரும் "சுட்டாச்சு" என்று ஒரு சொல் சொல்லட்டும். நாலு குரல்தான் கேட்டது என்றால், "மச்சான், ஆர் சுடேல்ல?" என்று கேட்க இன்னும் நேரம் இருக்கும்.

பாரலைஸ் விழுந்ததும் உடனே அறுபடாது, டொட்டின் அடுத்த டிக் (அடி) வரவேணும். பெயினும் ஃபிளேம் ஷொக்கும் 3 செக்கனுக்கு ஒருமுறை, மூன்ஃபயர் 2. அந்த இடைவெளிக்கு டேங்க்மேல் முன்கூட்டியே ஏதாவது ஒரு ஹீல் ஓடிக்கொண்டிருக்க வேணும்: ரெனியூ, ரிஜூவனேஷன், ரிப்டைட், பிரீஸ்ட் என்றால் ஷீல்டும். கட்டறுந்த பிறகு முதல் ஹீல் இன்ஸ்டன்ட், இரண்டாவதுதான் பெரியது. ஓடுகிற டேங்க் 40 யார்ட் ஹீல் எல்லையைத் தாண்டாதபடி, பொஸ்ஸில் இருந்து 20 யார்ட் அளவில் நில்லுங்கள்.

கிரவுண்ட் ஸ்லாம் என்ற முன்பக்க அடி டேங்கின் பொறுப்பு. பொஸ் கையை ஓங்கும்போது அவர் அவனைக் கடந்து பின்னால் போக வேணும். போகாதவரை ஹீல் பண்ணிக் காப்பாற்ற முடியாது, மனாவை வீணாக்காதீர்கள்.

மனா: ஃபிளாஷ் வகை ஹீல்களை ஷட்டருக்குப் பிறகு மட்டும். மற்ற நேரம் மெதுவான மலிவு ஹீல். ஒரு சண்டைக்கு ஒரு போஷன்தான், மிதிக்கல் மனா போஷன் 10,000 அளவு தரும், பாதிச் சண்டையில் குடித்துவிடுங்கள்.

பொஸ்ஸின் உயிர் 25%இல் என்ரேஜ், வெறி பிடிக்கும். ப்ளட்லஸ்ட்டை (குழு முழுவதையும் வேகப்படுத்தும் மந்திரம்) ஆரம்பத்தில் கேட்கிற டிபிஎஸ்காரர்களுக்கு (அடிப்பதே வேலையானவர்கள்) இடம் கொடுக்காமல் இங்கே வையுங்கள். பெயின் சப்ரெஷன், கார்டியன் ஸ்பிரிட், லே ஒன் ஹேண்ட்ஸ், ட்ரீ ஒஃப் லைஃப், இந்த அவசர மந்திரங்களில் எது இருந்தாலும் இந்தக் கடைசிக் கால்வாசிக்குத்தான். அந்தப் பரபரப்பிலும் புல்வார்க் எழும்பும். அப்போதும் முதலில் சுடுங்கள், பிறகு டேங்கைப் பாருங்கள்.