ஐந்தாண்டுத் திட்டம் கேட்டார்கள், எட்டுப் பக்கம் கொடுத்தோம்

எங்கள் ஆய்வகத்தின் மானியம் முடிய 14 மாதங்கள் இருந்தபோது மின்னஞ்சல் வந்தது: அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதி அனுப்புங்கள். ஆய்வகம் என்றதும் சோதனைக் குழாய்களை நினைக்க வேண்டாம். அறிவியலுக்குப் பணம் எப்படி ஒதுக்கலாம், எந்த விதி புதுமையை வளர்க்கிறது, எது முடக்குகிறது என்பதைச் சிறிய அளவில் சோதித்து அரசுத் துறைகளுக்குச் சொல்லும் கொள்கை ஆய்வகம் இது. ஏழு பேர், ஏழு கணினிகள், நிறைய எக்செல் தாள்கள். அவ்வளவுதான்.

எதிர்காலத்தை யோசிக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் பயிலரங்கு நடத்தியவர்கள் நாங்கள். சொந்தக் கதை என்று வந்ததும் இரண்டு வாரம் தலைப்புகளைத்தான் அடுக்கினோம். செயற்கை நுண்ணறிவு, காலநிலை, குவாண்டம்... யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நான்கு எதிர்காலக் காட்சிகளும் வரைந்தோம். நான்கில் மூன்றில் நாங்கள் அமோகமாக இருந்தோம். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் கேரி க்ளைன் என்ற உளவியலாளர் பரிந்துரைக்கும் பயிற்சியைச் செய்து பார்த்தோம். திட்டம் தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். சரி, ஐந்து வருடம் கழித்து ஆய்வகத்தை மூடிவிட்டார்கள். ஏன்? ஆய்வின் தரம், போட்டி என்று ஏழு விதமாக வரும் என நினைத்தேன். ஐந்து தாள்களில் ஒரே விஷயம் இருந்தது: நமக்கு ஆதரவாக இருந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். குழுவிலேயே இளையவரின் தாளில் மட்டும், 'மூடியதை யாரும் கவனிக்கவில்லை.' கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இது வெறும் பயமில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கென 1972-இல் தொடங்கிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் சுமார் 750 அறிக்கைகள் தந்தது. பெரும்பான்மை கைமாறியதும், செலவுக் குறைப்பு என்ற பெயரில் 1995-இல் மூடினார்கள். சட்டத்தை ரத்து செய்யக்கூட இல்லை, பணத்தை நிறுத்தினார்கள், முடிந்தது. டென்மார்க்கில் 2002-இல் தொடங்கி, பல நாடுகள் பார்த்துக் கற்றுக்கொண்ட மைண்ட்லேப் என்ற அரசுப் புத்தாக்க ஆய்வகமும் 2018-இல் மூடப்பட்டது.

அதனால் தலைப்புப் பட்டியலை ஓரம் கட்டிவிட்டு, எங்களோடு வேலை செய்த 11 அதிகாரிகளுக்குப் போன் போட்டேன். கடைசியாக எங்களுடைய எதைப் பயன்படுத்தினீர்கள்? நாங்கள் பெருமையாக நினைத்த 84 பக்க அறிக்கையை ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூன்று பேர் சொன்னது ஒரு பக்கக் குறிப்பை. ஆராய்ச்சி மானியத்துக்கு வரும் விண்ணப்பங்களில் மிகச் சிறந்தவை எவை, தேறாதவை எவை என்பதில் மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். நடுவில் கிடப்பவற்றில்தான் ஆளுக்கொரு மதிப்பெண். அங்கே குலுக்கல் போட்டால் என்ன என்பதுதான் குறிப்பு. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013-இலும் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளை 2017-இலும் இதைத் தொடங்கிவிட்டன. மறுநாள் கூட்டத்துக்கு வேண்டும் என்று ஓர் அதிகாரி கேட்டதால் ஒரே மாலையில் எழுதியது அது. எரிச்சலோடு எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திட்டம் அதன்பின் வேகமாக உருவானது. எங்கள் நேரத்தில் பாதியை வரப்போகும் கேள்விகளுக்காகக் காலியாக விடுவது. எந்தச் சோதனையையும் குறைந்தது இரண்டு துறைகளோடு சேர்ந்தே செய்வது. எட்டாவது பக்கத்தில்தான் சண்டை. எந்த நிலை வந்தால் நாங்களே கடையை மூட வேண்டும், அப்போது தரவுகள் யாரிடம் போகும் என்று எழுதியிருந்தேன். "நம்ம குழியை நாமே தோண்டணுமா?" என்றார் சக ஊழியர். மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு, தலைப்பை மட்டும் மாற்றி அந்தப் பக்கத்தைக் காப்பாற்றினேன்.

மதிப்பீட்டுக் குழு அந்தப் பக்கத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பாதி நேரம் காலி என்றால் உங்களை எதை வைத்து அளப்பது என்றார்கள். எத்தனை கேள்வி வந்தது, எத்தனை நாளில் பதில் போனது என்று கணக்கு வைப்போம் என்றோம். அது நல்ல அளவுகோல் இல்லை என்று எனக்கும் தெரியும். வேறு கைவசம் இல்லை.

ஐந்து வருடம் கேட்டோம், மூன்று கிடைத்தது. கேள்விகளைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு திறந்திருக்கிறோம். இதுவரை ஒன்பது கேள்விகள். அதில் ஆறு, அதே பழைய அதிகாரியின் துறையிலிருந்து.