நாலு தையலுக்குப் பிறகு: படகில் பிரெய்டு நூலோடு கை பிழைக்கும் வழி

ஆள்காட்டி விரலில், முதல் கணுவின் உள்பக்கம் நாலு தையல். மீன் கடிக்கவில்லை, முள் ஏறவில்லை. வெட்டியது வெறும் நூல். முந்நூறு மீட்டர் பிரெய்டு, அதாவது பல இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்; தடிமன் எண் பிஇ 3, 0.28 மி.மீ. சொச்சம். தங்கூசி என்னும் ஒற்றை நைலான் இழையிலிருந்து பிரெய்டுக்கு மாறி முதல் தடவை படகேறுகிறவர்களில் பலருக்கு இது நடக்கிறது. எல்லோரும் ‘கிளவுஸ் போட்டிருக்கலாமே’ என்றார்கள். கோளாறு கிளவுஸில் இல்லை, கடையிலேயே ஆரம்பித்துவிட்டது.

ரீலில் நூல் சுற்றிக் கொடுத்தவர் அடியில் மோனோ, அதாவது தங்கூசி, போடவில்லை. கேட்டதற்கு, ‘இறுக்கி முடிச்சு போட்டிருக்கேன் சார், ஒண்ணும் ஆகாது’ என்றார். பிரெய்டு பாலிஎத்திலீன் இழை, வழுவழு என்றிருக்கும். ரீலில் நூல் சுற்றும் உருளைதான் ஸ்பூல்; அதன் உலோகத்தில் நேரடியாக முடிச்சு போட்டால் அது பிடிக்காது. பாரம் ஏறியதும் சுற்றிய நூல் முழுதும் ஒரே வளையமாக ஸ்பூல் மேல் வழுக்கிச் சுழலும். தூத்துக்குடிக் கடலில் ஒரு பார் (கடலடிப் பாறைத்திட்டு) மேல் பாறை மீன் ஒன்று ஜிக்கை (ஈயத்தாலான செயற்கை இரை) எடுத்துக்கொண்டு ஓடியபோது நடந்தது இதுதான். நூல் எவ்வளவு இறுக்கமாக வெளியேற வேண்டும் என்று வைக்கும் டிராக் குமிழை முழுக்க இறுக்கியும் நூல் போய்க்கொண்டே இருந்தது. ஸ்பூல் அசையவில்லை, நூல் மட்டும் போகிறது. என்னவென்று புரிவதற்குள் இடது கை ரீலுக்கு முன்னால் நூலைப் பிடித்துவிட்டது. தங்கூசியில் பழகிய கை, வேறென்ன செய்யும்?

அதனால் முதல் வேலை, கடையை விட்டு இறங்குமுன் ஒரு சோதனை. டிராக்கை முழுக்கப் பூட்டுங்கள். நூலை மடித்த துணியால் பிடித்து இழுங்கள். ஸ்பூல் நிற்க நூல் மட்டும் வந்தால் அங்கேயே அவிழ்க்கச் சொல்லுங்கள். அடியில் ஏழெட்டு மீட்டர் மோனோ, அதில் இரட்டை யூனி முடிச்சால் பிரெய்டு. மோனோ இல்லையென்றால் ஸ்பூலில் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப்பாவது வேண்டும். சுற்றும்போது நூல் ஈரத்துணிக்குள் ஓட வேண்டும். வெறும் விரலில் ஓடினால் சூட்டிலேயே தோல் போகும். தளர்வாகச் சுற்றிய நூல் பாரத்தில் அடிச்சுற்றுக்குள் புதைந்து சிக்கும். அதை நகத்தால் கிளறி இழுக்கும்போது இன்னொரு வெட்டு.

நடுக்கடலில்தான் தெரிய வந்தது என்றால்? பிரெய்டின் நுனியில் கட்டிய தடித்த தங்கூசித் துண்டை, அதாவது லீடரை, வெட்டிவிட்டு, படகு மெதுவாக முன்னால் போகும்போது பின்பக்கமாக நூலை முழுக்க விட்டுவிடுங்கள். கடைசி நுனியை எங்காவது கட்டிக்கொண்டு, ஸ்பூலில் டேப் ஒட்டி, மோனோவைச் சேர்த்துத் திரும்பச் சுற்றுங்கள். தண்ணீரின் இழுவையில் கடையில் சுற்றியதைவிட இறுக்கமாக உட்காரும். இன்ஜின் ரிவர்ஸில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். புரொப்பல்லர் தண்டில் பிரெய்டு சுற்றினால் ஆயில் சீலையே தின்றுவிடும்.

தங்கூசி வெட்டாத கையை இது ஏன் வெட்டுகிறது? அதே பலமுள்ள தங்கூசி ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமன். பாரம் அதேதான், அதைத் தாங்கும் தோலின் அகலம் பாதி. தங்கூசி இழுத்தால் நீளும், கைக்கு ஒரு நொடி அவகாசம் கிடைக்கும். பிரெய்டு நீளவே நீளாது என்று சொல்லலாம். இரண்டு மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறிய விரல் வேறு. நாலு இழைப் பின்னல் சொரசொரவென்று அரம் மாதிரி இருக்கும், எட்டு இழை வழுவழுப்பானது. கை நிதானப்படும் வரை எட்டு இழை வாங்குவதே நல்லது.

இனி கிளவுஸ். பின்னல் துளையுள்ள சாதாரண நூல் கிளவுஸ் எதற்கும் உதவாது, நூல் துளை வழியாக உள்ளே இறங்கும், தூண்டில் முள்ளும் மாட்டும். உள்ளங்கையில் ரப்பர் அல்லது பியூ (பாலியூரித்தேன்) பூச்சுள்ள, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வேலைக் கிளவுஸ் போதும். ஆனால் கிளவுஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் நூலைக் கையில் ஒரு சுற்று சுற்றாதீர்கள். சுற்று இறுகினால் கிளவுஸோடு சேர்த்துக் கை மாட்டிக்கொள்ளும், மறுமுனையில் மீனோ, நகரும் படகோ இருக்கும். கையைக் காப்பாற்றுவது கிளவுஸ் இல்லை, பாரமுள்ள நூலில் கை படாமல் பார்த்துக்கொள்வதுதான்.

பாப்பர் (நீர்மட்டத்தில் இழுக்கும் செயற்கை இரை) எறிகிறவர்களுக்கு வெட்டு விழுவது ஆள்காட்டி விரலின் நுனிச் சதையில். துணி பிளாஸ்டர் இரண்டு சுற்று போட்டால் ஒரு மணி நேரம் தாங்கும், நனைந்ததும் கழன்றுவிடும். அதைவிடத் தோல் விரலுறை நல்லது. கைத்தூண்டில்காரர்கள் போடும் சைக்கிள் டியூப் துண்டை எறிவதற்குப் போடாதீர்கள். ரப்பர் நூலைப் பிடித்துக்கொள்ளும், தாமதமாக விடும், பாப்பர் பக்கத்தில் நிற்கிறவர் தலையை நோக்கிப் போகும்.

டிராக் சங்கதி சுருக்கமாக: நூலின் பலத்தில் கால் பங்கு. 20 கிலோ நூலென்றால் 5 கிலோ, கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை லீடர் வளையத்தில் மாட்டி அளந்துவிடலாம். இது சரியாக இருந்தால் நூலைக் கையால் பிடிக்க வேண்டிய தேவையே வராது.

அடுத்த ஆபத்து, ஜிக் பாரில் மாட்டுவது. தங்கூசியை இரண்டு இழுப்பில் அறுத்துவிடலாம். பிஇ 3 அறுபட 20 கிலோவுக்கு மேல் வேண்டும், படகோ காற்றில் நகர்ந்துகொண்டிருக்கும். ராடை வளைத்து இழுத்தால் ராடு உடையும், ஸ்பூலைக் கையால் அமுக்கினால் கை போகும். ஒரு முழத் துடைப்பக் கட்டை போதும். ரீலை விட்டு நூலைத் தளர்த்தி, கட்டையில் ஏழெட்டுச் சுற்று சுற்றி, இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நேராக, வெட்டி இழுக்காமல், பாரத்தை மெல்ல ஏற்றுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். விடுபட்டால் 150 கிராம் ஈயம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு உங்களை நோக்கித்தான் வரும். இன்னொன்று: லீடர் பிரெய்டைவிடப் பலமாக இருந்தால் அறுவது லீடர் இல்லை, பிரெய்டு. எங்கே அறும் என்று சொல்ல முடியாது. பார் மேல் போகிறவர்கள் லீடரைக் கொஞ்சம் மெலிதாக வைத்தால் இழப்பு இரண்டு மூன்று மீட்டரோடு போகும். உராய்வுக்குத் தாங்க வேண்டுமென்று தடித்த லீடர்தான் போடுவேன் என்பவர்கள் மிச்சத்துக்கு வருந்தக் கூடாது.

பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சை இறுக்கும்போது பல்லால் இழுக்கிறவர்கள் உண்டு, ஈறு கிழிந்த பிறகு விடுவார்கள். இருபது பின்னல் முடிந்ததும் ஈரமாக்கி, பிரெய்டைக் கட்டையில் சுற்றி, லீடரைக் கிளவுஸ் கையால் பிடித்து இழுங்கள். பின்னல் நிறம் கறுத்தால் கடித்துவிட்டது என்று அர்த்தம். முடிந்தால் வீட்டிலேயே போட்டுவிடுங்கள், ஆடும் படகில் இது தலைவலி. வெட்ட பிரெய்டுக்கான கத்தரிக்கோல்தான் வேண்டும். நகவெட்டி நூலை மென்று பிசிறாக்கும்.

மீன் படகருகே வந்ததும்தான் நிஜமான கண்டம், ஏனென்றால் இப்போது கை உங்களுடையது இல்லை. படகுக்காரர் பிறந்ததிலிருந்து கைத்தூண்டில் போட்டவர். மீன் தெரிந்ததும் குனிந்து நூலைப் பிடித்து இழுப்பார், அது அவருக்கு அனிச்சைச் செயல். புறப்படும்போதே ‘அண்ணே, லீடரை மட்டும் பிடிங்க, இந்தப் பச்சை நூலைத் தொடாதீங்க’ என்றேன். அவர் சிரித்து, விரலை விரித்துக் காட்டினார். இரண்டு கையிலும் தங்கூசி அறுத்த பள்ளங்கள், காய்ப்புக் காய்த்து மரம் மாதிரி. ‘இதுல என்ன தம்பி அறுக்கும்?’ என்றார். நான் பதில் சொல்லவில்லை, தையல் போட்ட விரலைக் காட்டினேன். ஜிக்கிங்குக்கு லீடர் மூன்று மீட்டராவது இருந்தால்தான் அவர் குனியும் இடத்தில் பிடிக்கத் தடித்த நூல் இருக்கும். எறிவதற்கு அவ்வளவு நீளம் ஒத்துவராது, முடிச்சு ராடின் வளையத்தில் இடிக்கும். அதற்கு ஒன்றரை மீட்டர் போதும், ஆனால் மீனைக் கொக்கி போட்டுத்தான் தூக்க வேண்டும்.

வெட்டிவிட்டால் கடல்நீரில் கழுவாதீர்கள். குடிதண்ணீர், சோப்பு, துணியால் அழுத்தம், பிறகு டெட்டனஸ் தடுப்பூசி. மறுநாள் சிவந்து வீங்கிப் பரவினால் டாக்டரிடம் ‘கடல்நீரில் பட்ட காயம்’ என்று சொல்லுங்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. சர்க்கரை நோயாளிகளும் ஈரல் நோயாளிகளும் மறுநாள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

தையல் பிரித்த பிறகு போன பயணத்தில் ஜிக் இரண்டு தடவை பாரில் மாட்டியது. ஒன்று திரும்பி வந்தது, ஒன்று லீடரோடு போயிற்று. கையில் கீறல்கூட இல்லை. கரைக்கு வந்து சாமான்களை எடுக்கும்போது துடைப்பக் கட்டையைக் காணோம். அண்ணன் அதை எடுத்து இன்ஜின் பக்கம் கத்தியோடு சேர்த்துச் செருகியிருந்தார்.