படங்கள் வெளிறிப்போன கதை

மூன்றாவது முறை அனுப்பிய பிறகுதான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பல ஒளிப்படப் பகிர்வுத் தளங்களில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும், உள்ளே போய்விடலாம். நான் ஆசைப்பட்ட குழுவில் பத்துப் படங்களை அனுப்பி நடுவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். பதிவு, சுயவிவரம் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: "வண்ணத் தரம் போதவில்லை." அவ்வளவுதான். எந்தப் படத்தில், என்ன குறை என்று கேட்டு எழுதினேன். அதே வரியையே திருப்பி அனுப்பினார்கள். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவனுக்கும் உழைப்பு உண்டு. மழை ஓய்ந்த ஒரு காலையில், செம்பருத்தி இதழ் நுனியில் தொங்கிய ஒற்றைத் துளிக்காக முக்கால் மணி நேரம் மண்டியிட்டு எடுத்த படம் அதில் இருந்தது. காரணம் சொல்லாமல் தள்ளியது இன்னும் உறுத்துகிறது.

தளத்தில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். என் கணினியில் கனன்றுகொண்டிருந்த சிவப்பு, அங்கே பலமுறை துவைத்த துணியைப் போல வெளிறிக் கிடந்தது. சரி, வண்ணச் செறிவு குறைவு போலும் என்று நினைத்துப் பத்துப் படங்களிலும் அதைக் கூட்டினேன். இரண்டு இரவுகள் போயின. இந்தத் தடவை "மிகையான திருத்தம்" என்று தள்ளினார்கள். அதில் நியாயம் இருந்தது. சிவப்பு உச்சத்தை முட்டிப்போய், இதழின் நரம்புகளே காணாமல் போயிருந்தன. முதல் தடவையே ஒருவர் காரணத்தைச் சொல்லியிருந்தால் இந்த இரண்டாவது அலைச்சல் இல்லை.

வழிகாட்டியவர் நடுவர் அல்ல, அங்குள்ள மூத்த உறுப்பினர் ஒருவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்குகிறதா?" ஆம், கைபேசியில் எடுத்த ஒன்றைத் தவிர மற்ற ஒன்பதுமே அப்படித்தான். நிக்கான், கேனான் போன்ற கேமராக்களில் அடோபி ஆர்ஜிபி என்ற வண்ணவெளியை, அதாவது படத்தில் வரக்கூடிய வண்ணங்களின் வரம்பை, தேர்ந்தெடுத்திருந்தால், கோப்பின் பெயரின் தொடக்கத்தில் ஓர் அடிக்கோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். 'அதில் வண்ணங்கள் அதிகம்' என்று எங்கோ படித்து, என்றோ மாற்றி வைத்தது. 1998இல் வந்த அந்த வண்ணவெளி அச்சுப் பணிகளை மனதில் வைத்து உருவானது. இணையத்தின் பொது வழக்கு, 1996இல் உருவான எஸ்ஆர்ஜிபி. படத்தோடு போகும் வண்ணக் குறிப்பை, அதாவது புரொஃபைலை, தளம் படத்தைச் சிறிதாக்கும்போது கழற்றி எறிந்துவிட்டது. குறிப்பு இல்லாததால் உலாவி அதை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டது; வண்ணம் செத்துப்போயிற்று.

நல்லவேளையாக, கேமரா பதிந்த மூலத் தரவான ரா கோப்புகளையும் வைத்திருந்தேன். அவற்றுக்கு இந்தக் கேமரா அமைப்பால் பாதிப்பில்லை. ஒன்பதையும் எஸ்ஆர்ஜிபியில் புதிதாக ஏற்றுமதி செய்தேன். ஜேபெக் மட்டும் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: மென்பொருளில் 'கன்வெர்ட்' (வண்ண எண்களையே புதிய வண்ணவெளிக்கு மாற்றுவது) செய்ய வேண்டும், 'அசைன்' (எண்களை அப்படியே விட்டுக் குறிப்பை மட்டும் மாற்றுவது) கூடாது. அசைன் செய்தால் தளம் செய்த அதே கெடுதலை நீங்களே செய்ததாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பத்தில் ஒன்று கைபேசியில் எடுத்தது, வீட்டுச் சன்னலில் கூடு கட்டிய பறவை. மூன்றாவது முறை ஏற்றிவிட்டு அதன் பக்கத்தைத் திறந்தால், ஓரத்தில் ஒரு வரைபடம், அதில் என் வீட்டின் மேல் ஒரு புள்ளி. கைபேசிப் படத்தின் கோப்புக்குள்ளேயே பதியும் எக்ஸிஃப் தகவலில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருந்தன. உடம்பு சில்லிட்டுவிட்டது. உடனே நீக்கி, இடத்தகவலை அகற்றிவிட்டு மறுபடி ஏற்றினேன். வீட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. கூடு இருக்கும் இடம் ஊரறியத் தெரிந்தால் குஞ்சுகளுக்கும் ஆபத்துதான்.

படம் ஏற்றும்போது வரும் உரிமப் பெட்டியையும் அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். சில நிபந்தனைகளோடு பிறர் நம் படத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் நல்ல ஏற்பாடு, ஆனால் கொடுத்தால் கொடுத்ததுதான். பிறகு மனம் மாறி அமைப்பைத் திருத்தினாலும், முன்பே அந்த உரிமத்தில் எடுத்துக்கொண்டவர்களின் உரிமை பறிபோகாது. நான் 'எல்லா உரிமைகளும் எனக்கே' என்பதோடு தொடங்கியிருக்கிறேன். வேண்டுமானால் பிறகு தளர்த்திக்கொள்ளலாம்.

நான்காம் நாள் ஒப்புதல் வந்தது. அதுவும் ஒற்றை வரிதான். செம்பருத்திப் படத்தின் கீழே முதல் கருத்தை எழுதியவர் அந்த மூத்த உறுப்பினர்: "துளிக்குள் பின்னால் இருக்கும் பூ தலைகீழாகத் தெரிகிறதே, கவனித்தீர்களா?" நான் கவனித்திருக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது, நல்ல சிவப்பில்.