சீனாய் உச்சியில் சிற்றாலயமும் பள்ளிவாசலும்

எகிப்தில் உள்ள சீனாய் மலைக்கு வேண்டுதல் வைத்துப் போகிறவர்கள் முதலில் கிழமையைப் பார்க்க வேண்டும். மலை ஏற எந்த நாளும் தடையில்லை. அடிவாரத்துப் புனித கத்தரீன் மடாலயம் அப்படியில்லை. வெள்ளி, ஞாயிறு, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருநாட்களில் பார்வையாளருக்குத் திறக்க மாட்டார்கள். மற்ற நாட்களிலும் காலை ஒன்பது மணி வாக்கில் திறந்து நண்பகலுக்குள் சாத்திவிடுவார்கள். புனித நாட்டுப் பயணக் குழுக்கள் கெய்ரோவிலிருந்து சூயஸ் கால்வாய்ச் சுரங்கம் வழியாக ஏழெட்டு மணி நேரம் பேருந்தில் வந்து, இரவே மலையேறி, அடுத்த நாள் இஸ்ரேலுக்குள் போகும் தாபா எல்லையைக் கடந்துவிடும். முகவர் நாளைத் தப்பாகப் போட்டுவிட்டால் மதிற்சுவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏற்றம் இரவு ஒன்றரை, இரண்டு மணிக்குத் தொடங்கும். கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். பதூயீன் எனும் பாலைவன அரபுப் பழங்குடி வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். பாதை இரண்டு. 3,750 கற்படிகள் கொண்ட பழைய வழி பகலில் இறங்க அழகு, இருட்டில் ஏற ஆபத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் அதில் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். எல்லாரும் போவது வளைந்து வளைந்து ஏறும் ஒட்டகப் பாதையில். அங்கேதான் தொல்லையும். இருட்டில் முதுகுக்குப் பின்னாலிருந்து "கேமல், கேமல்" என்ற குரல் விடாது. வயதானவர்களாகப் பார்த்து, "இன்னும் மூன்று மணி நேரம், உங்களால் முடியாது" என்று பயமுறுத்துவார்கள். ஏறினாலும் ஒட்டகம் உச்சி வரை வராது. கடைசி 750 படிகளுக்குக் கீழே இறக்கிவிடும். இது தெரியாமல் ஏறியவர்கள் அங்கே நின்று கண்கலங்குவது வழக்கம். கூலியை முன்பே பேசுங்கள், இறங்கிய பிறகு கொடுங்கள்.

அந்த 750 படிகள்தான் இந்த யாத்திரை. ஒரே அளவில் எதுவும் இல்லை. சில கற்கள் முழங்கால் உயரம், சிலவற்றில் மணல் சரியும். 2,285 மீட்டர் உயரத்தில் மூச்சு சீக்கிரம் வாங்கும். பத்துப் படிக்கு ஒரு 'அருள்நிறை மரியே' செபம் சொல்லி நின்று நின்று ஏறினால் யாரும் ஏறிவிடலாம். பலரைப் படுத்துவது ஏற்றத்தைவிடக் குளிர்தான். வேகமாக ஏறி வியர்த்துவிடுகிறார்கள். உச்சியில் காற்று அடித்ததும் நனைந்த உள்சட்டை உடம்பை உறைய வைக்கிறது. காய்ந்த உள்சட்டை ஒன்றைப் பையில் வைத்திருந்து, கடைசித் தேநீர்க் கடையிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரியில் தண்ணீரே உறையும். சீக்கிரம் போய்ச் சேர்வதும் நல்லதல்ல. இரண்டு மணி நேரம் பாறையில் நடுங்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

உச்சியில் பழைய ஆலயத்தின் இடிபாட்டுக் கற்களைக் கொண்டே 1934-இல் கட்டிய திரித்துவச் சிற்றாலயம் இருக்கிறது. பெரும்பாலும் பூட்டியே இருக்கும். சில அடி தள்ளி ஒரு சின்னப் பள்ளிவாசல். நமக்கு மோசே, அவர்களுக்கு நபி மூசா. கிழக்கு வெளுக்கும்போது ஒரு பக்கம் கொரியர்களின் பாட்டு, இன்னொரு பக்கம் நைஜீரியர்களின் கைதட்டல். நம்மை ஏற்றிவந்த வழிகாட்டி ஓரமாக ஒதுங்கி சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகையை முடிக்கிறார். யாரும் யாரையும் குரல் தாழ்த்தச் சொல்வதில்லை. பத்துக் கட்டளைகள் இறங்கிய மலையில் நின்று அவற்றைத் தாய்மொழியில் சொல்ல ஆரம்பித்தால் மூன்றாவது கட்டளைக்குள் தொண்டை அடைத்துவிடும். ஆண்டவரே, உமக்கு நன்றி. வேறு என்ன சொல்வது?

இறங்கி வந்தால் மடாலயம். ஜஸ்டினியன் பேரரசர் ஆறாம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் இன்றும் நிற்கிறது. உள்ளே கல் மேடைக்கு மேலிருந்து பச்சைக் கிளைகளைத் தொங்கவிட்டிருக்கிறது, மோசே எரியக் கண்டதாக மரபு சொல்லும் முட்புதர். இலையைப் பறிக்காதீர்கள்; ஆளுக்கு ஒன்றாகப் பறித்தால் செடி என்னாவது? அதன் சிற்றாலயத்தை எல்லாருக்கும் திறப்பதில்லை. திறந்தால் செருப்பை வெளியே விட்டுத்தான் போக வேண்டும். விடுதலைப் பயணம் மூன்றாம் அதிகாரத்திலும் திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயத்திலும் மோசேக்கு வந்த கட்டளையும் இதேதான். நம் ஊரில் கோவிலுக்கும் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் செருப்பைக் கழற்றிப் பழகிய காலுக்கு இங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மணிக்கூண்டுக்கு எதிரே, மதிலுக்குள்ளேயே, எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய மரபினர் காலத்துப் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் மிம்பரில், அதாவது உரை மேடையில், 1106-ஆம் ஆண்டில் செதுக்கிய வாசகம் உண்டு. காட்சியறையில் நபிகள் நாயகத்தின் உள்ளங்கை அச்சு பதித்த பாதுகாப்புச் சாசனத்தின் நகலை நிதானமாகப் பாருங்கள். துறவிகளிடம் வரி கேட்காதே, ஆலயத்தை இடிக்காதே, பழுதுபார்க்க உதவு, கிறிஸ்தவப் பெண்ணை அவள் சம்மதமின்றி மணம் முடிக்காதே என்கிறது அது. மூலத்தை 1517-இல் சுல்தான் முதலாம் சலீம் இஸ்தான்புல்லுக்கு எடுத்துச் சென்றதாக மடாலய மரபு. அது நபிகள் காலத்து ஆவணம்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் பின்வந்த ஆட்சியாளர்கள் பலர் அதை மதித்து ஆணை பிறப்பித்தார்கள், மடம் தப்பியது.

மடத்தைக் காக்க ஜஸ்டினியன் அனுப்பிய ஆட்களின் வழிவந்தவர்கள் என்று ஜெபலியா பதூயீன்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பிற்பாடு இஸ்லாத்தைத் தழுவினார்கள். காவலையும் மடத்து வேலையையும் விடவில்லை. சமய உரையாடல் என்று மேடை போட்டுப் பேசுவதெல்லாம் நல்லதுதான், ஆனால் நூற்றாண்டுகளாக ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களிடம் போய்க் கற்பது இன்னும் நல்லது.

கவலையும் இருக்கிறது. 2017 ஏப்ரலில் மடத்துக்கு அருகே சோதனைச் சாவடியில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு காவலர் உயிரிழந்தார். துறவிகளைக் காக்க நின்ற இடத்தில் விழுந்த உயிர் அது. 2025 மே மாதம் எகிப்திய நீதிமன்றம், நிலம் அரசுடையது, துறவிகளுக்குப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. பள்ளத்தாக்கில் பெரிய சுற்றுலாக் கட்டுமானங்களும் எழுகின்றன. உங்கள் செபக் கருத்துகளில் துறவிகளைச் சேர்க்கும்போது ஜெபலியாக்களையும் சேருங்கள். பயணிகள் வராத மாதங்களில் அவர்கள் வீடுகளில் அடுப்பு சிரமப்பட்டே எரிகிறது. ஒட்டகத்துக்குப் பேரம் பேசலாம். தண்ணீரையும் எரிவாயுவையும் அவ்வளவு உயரம் சுமந்து வந்து அவர்கள் போடும் தேநீருக்கு மட்டும் கேட்ட விலையைக் கொடுத்துவிடுங்கள்.