பட்டாளத்திலிருந்து வந்து 17 மாதம் கழித்துத் திறந்த கடை

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், கணியம்பாடிப் பக்கம், ஒரு தகரக் கொட்டகையில் கடை வைத்திருக்கிறேன். ஜே.சி.பி., டிராக்டர், டிப்பர் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் ஹோஸ், அதாவது அதிக அழுத்தத்தில் எண்ணெய் ஓடுகிற ரப்பர் குழாய், போட்டுத் தருவது தொழில். 2023 ஆவணியில் திறந்தேன். அதற்கு 17 மாதம் முன்பு, 2022 மார்ச் 31 அன்று, ராணுவத்தில் வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கிற இ.எம்.இ. பிரிவில் 24 ஆண்டு முடித்து ஹவில்தாராக ஊர் திரும்பினேன்.

எங்கள் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் அதிகம். பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். லீவில் வருகிற பையன்கள் கடையில் வந்து உட்கார்ந்தால், "வெளிய வந்தா என்ன தொழில்ணா பண்ணலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். எப்போது தொடங்குவது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எட்டு வருடம் ஆனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1998-ல் செகந்திராபாத்தில் உள்ள இ.எம்.இ. பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். வண்டி மெக்கானிக் டிரேடு. 15 ஆண்டு முடித்தால் சிப்பாய்க்கும் அதற்கு மேல்படியான நாயக்குக்கும் ஓய்வூதியம் உண்டு. 2015-ல் எனக்கு 17 ஆண்டு முடிந்திருந்தது. நாயக்காக லடாக்கில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். எனக்கு முன்பே வெளியே வந்த நண்பர் ஒருவர் போன் போட்டு, "வந்துடுடா, ரெண்டு பேரும் சேர்ந்து லாரி ஒர்க்‌ஷாப் போடலாம்" என்றார். முப்பத்தாறு வயது, கையில் தெம்பு இருந்தது. இரண்டு இரவு தூக்கம் வரவில்லை.

ஒரு பழைய ஜாப் கார்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஓய்வூதியம் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. நாயக்காகப் போனால் ஒரு தொகை, அடுத்த படியான ஹவில்தாராகி 24 ஆண்டு முடித்துப் போனால் வேறு தொகை. சாகும்வரை வரப்போகிற பணம், எனக்குப் பிறகு மனைவிக்கு வரப்போகிற பணம். நண்பர் சொன்ன ஒர்க்‌ஷாப்போ எனக்குத் தெரியாத ஊரில், எனக்குத் தெரியாத வாடிக்கையாளர்களை நம்பி. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கணக்கு சரிதான். ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். என் மகள் பத்தாவது எழுதியபோதும் பன்னிரண்டாவது எழுதியபோதும் நான் ஊரில் இல்லை. இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

தொழில் என்ன என்பது லடாக்கில்தான் தெரிந்தது. மைனஸ் 20, 25 டிகிரி குளிரில் ரப்பர் விறைத்துப் போகும். காலையில் பனி தள்ளுகிற டோசரை ஸ்டார்ட் செய்து பிளேடைத் தூக்கினால் ஹோஸ் வெடித்து எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். இன்ஜினியர் ரெஜிமென்ட் ஆட்கள் ரோட்டில் பனியோடு காத்திருப்பார்கள். ஒரு முழ ஹோஸ் இல்லாமல் அத்தனை பெரிய வண்டி அப்படியே நிற்கும். அந்த வேலையை நான் விரும்பிச் செய்தேன்.

ஜவான்களுக்கு வருடத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு. 2019-லிருந்து லீவில் வந்தபோதெல்லாம் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு எங்கள் சாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். காலை ஏழிலிருந்து பத்து வரை எத்தனை ஜே.சி.பி. போகிறது, எத்தனை டிப்பர், எத்தனை டிராக்டர். ஆபரேட்டர்களிடம் பேச்சுக் கொடுப்பேன். "ஹோஸ் போனா எங்க போவீங்க?" "வேலூர் டவுனுக்குத்தான். பைக்ல எடுத்துட்டுப் போய், மாட்டிட்டு வர்றதுக்குள்ள அரை நாள் போயிடும்." வாடகைக்கு ஓடுகிற ஜே.சி.பி.க்கு அரை நாள் என்றால் எவ்வளவு நஷ்டம் என்று அவர்களே சொன்னார்கள். மூன்று லீவில் அந்த நோட்டு பாதி நிறைந்தது.

இந்த இடத்தில் பணியில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. யூனிஃபார்மில் இருந்துகொண்டு சொந்த வியாபாரம் செய்ய ராணுவ விதிகளில் இடமில்லை. மச்சான் பெயரில் தொடங்கு, மனைவி பெயரில் தொடங்கு என்று சொல்ல ஆள் இருப்பார்கள். பெயர் அவருடையது, பணமும் முடிவும் நம்முடையது என்றால் அது நம் தொழில்தான். என்னோடு இருந்த ஒருவர் மச்சான் பெயரில் டிப்பர் வாங்கினார். தவணை இவர் சம்பளத்திலிருந்து போனது. வண்டி ஓடுகிறதா, டீசல் எவ்வளவு, வாடகை எவ்வளவு, எதுவும் இவருக்குத் தெரியாது. சிக்னல் கிடைக்கிற இடம் தேடிப் போய் ராத்திரி போனில் சண்டை போடுவார். ஒன்றரை வருடத்தில் வண்டியை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துப் போனார்கள், சொந்தமும் முறிந்தது. பணியில் இருக்கும்போது கற்றுக்கொள்ளலாம், விசாரிக்கலாம், சேர்க்கலாம். நடத்த முடியாது. விதி தடுக்காவிட்டாலும் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்து நடத்த முடியாது.

2021-ல் முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்தது. ஹவில்தாருக்கு 24 ஆண்டுக்குப் பிறகு இரண்டு ஆண்டு எக்ஸ்டென்ஷன் கேட்கலாம். இல்லையென்றால் வெளியே வந்து, பாதுகாப்புத் துறை இடங்களைக் காவல் காக்கிற டி.எஸ்.சி. படையில் மறுபடி சேரலாம், எங்கள் ஊரில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அல்லது ஏதாவது வங்கியில் செக்யூரிட்டி வேலை. மூன்றுமே நல்ல வழிகள்தான், குடும்பச் சூழ்நிலையைப் பொறுத்தது. எங்கள் சுபேதார் சாப், "இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போயேன்" என்றார். எனக்கு 42 முடிந்திருந்தது. ஸ்பேனரைப் பிடித்து இன்ஜினுக்கு அடியில் படுக்கிற வேலை. முதுகு இருக்கும்போதே வர வேண்டும் என்று தோன்றியது. எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

கடைசி இரண்டு ஆண்டுக்குள் டி.ஜி.ஆர். என்கிற பாதுகாப்பு அமைச்சக மறுவாழ்வு இயக்ககம் நடத்துகிற பயிற்சிக்குப் போகலாம், சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கும் ஜவான்களுக்கும் கட்டணம் இல்லை. நான் சிறுதொழில் நிர்வாகம் எடுத்தேன். பலரும் அதை ஓய்வு நாட்களாக நினைத்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அங்கே கற்ற ஒரே ஒரு பாடம் இன்றுவரை கைகொடுக்கிறது: என் உழைப்புக்கும் ஒரு கூலி போட்ட பிறகுதான் லாபம் என்று எழுத வேண்டும்.

பிறகு பணம் வந்தது. கிராஜுவிட்டி, ஆர்மி குரூப் இன்சூரன்ஸ், பி.எஃப்., லீவுச் சம்பளம், ஓய்வூதியத்தில் பாதியை கம்யூட் செய்த (முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்ட) தொகை, எல்லாம் சில வாரங்களுக்குள். 24 வருடமாக மாதச் சம்பளம் மட்டுமே பார்த்த கண்ணுக்கு அது பெரிய தொகை. தெருவில் எல்லோருக்கும் அது தெரிந்தும்விடும். அந்த 2022-ல்தான் எங்கள் மாவட்டத்தில் லட்சத்துக்கு மாதம் எட்டாயிரம் வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் ஊர் ஊராக ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. என்னோடு அதே மாதம் வெளியே வந்த ஒருவர், "தொழில் தொடங்குற வரைக்கும் பணம் சும்மா இருக்க வேணாமே" என்று அதில் போட்டார். அந்த வருடம் முடிவதற்குள் அவர் போலீசில் புகார் கொடுக்க வரிசையில் நின்றார். அவர் மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

என்னைக் காப்பாற்றியது என் மனைவி. அந்த 24 வருடமும் வீட்டை நடத்தியவள் அவள்தான். பணம் வந்த அன்று ராத்திரி சொன்னாள்: "ஏங்க, ஒரு வருஷம் எதுவும் தொடங்காதீங்க. இந்த ஊரு நீங்க லீவுல பார்த்த ஊரு இல்ல. முதல்ல இங்க இருந்து பாருங்க." எனக்குக் கோபம் வந்தது. நோட்டெல்லாம் எழுதித் தயாராக வந்தவன் நான். ஆனால் அவள் சொன்னதில் இருந்த நியாயம் உறைத்தது. வீட்டுக் கடனை அடைத்தோம். மீதியில் பெரும்பகுதியை அஞ்சலகத்தில் போட்டோம். கம்யூட் செய்தது போக ஓய்வூதியம் கைக்கு 20 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது. கம்யூட் செய்த பாதி 15 வருடம் கழித்துத்தான் திரும்பும், அதையும் மனதில் வைக்க வேண்டும். இந்த ஓய்வூதியம் வீட்டுக்கு, இதில் ஒரு ரூபாய்கூடத் தொழிலுக்குப் போகாது என்று இருவரும் பேசி முடித்தோம்.

மே மாதம் வேலூரில் ஒரு ஹைட்ராலிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மாதம் 14,000. முதலாளிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. "சார், மிலிட்டரியில இருந்துட்டு இங்க எதுக்கு?" என்று கேட்டார். பின்னால் என் ஊரில் கடை வைக்கிற எண்ணம் இருக்கிறது என்று மறைக்காமல் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க ஏரியா எனக்கு தூரம்தான், வாங்க" என்றார். அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன்.

அங்கே பதினோரு மாதம். வேலை எனக்குத் தெரியும், ஹோஸ் முனையில் உலோக இணைப்பை (ஃபிட்டிங்) அழுத்திப் பொருத்துகிற கிரிம்பிங் மெஷினைப் பழக ஒரு வாரம் போதுமாக இருந்தது. வியாபாரம் துளியும் தெரியாது. ராணுவத்தில் சாமான் வேண்டுமென்றால் இண்டென்ட் (கேட்புச் சீட்டு) போடுவோம், வரும். அதன் விலை என்ன என்று கேட்ட பழக்கமே இல்லை. இங்கே உள்ளே இரண்டு அடுக்குக் கம்பி வைத்த டூ வயர் ஹோஸுக்கும் நாலு அடுக்கு வைத்த ஃபோர் வயருக்கும் விலை வித்தியாசம், எந்த ஃபிட்டிங் வேகமாகப் போகும், எது ஆறு மாதம் அலமாரியில் தூங்கும் என்று எல்லாம் காசு. அளவு தவறி வெட்டிய ஒரு துண்டு ஹோஸ் அன்றைய கூலியைச் சாப்பிட்டுவிடும்.

அதைவிடப் பெரிய பாடம் கடன். ஹோஸை எடுத்து வருகிறவர் ஆபரேட்டர். பணம் தர வேண்டியவர் ஓனர். "ஓனர் சாயங்காலம் அனுப்புவாரு" என்று சொல்லி ஆபரேட்டர் மாட்டிக்கொண்டு போய்விடுவார். ஓனர் தன் கான்ட்ராக்டரிடம் பில் பாஸாகக் காத்திருப்பார். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் நம் காசு மூன்று மாதம் கழித்து வரும். முதலாளியின் கடன் நோட்டில் எப்போது பார்த்தாலும் நாலு லட்சத்துக்குக் குறையாமல் நின்றது. இதை நான் லீவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது. வந்த மாதமே கடை போட்டிருந்தால் மெஷினுக்கும் கொட்டகைக்கும் முழுப் பணத்தையும் கொட்டிவிட்டு, மூன்றாவது மாதம் ஹோஸ் வாங்கக் காசில்லாமல் நின்றிருப்பேன். அந்தப் பதினோரு மாதத்தில் எந்த ஓனர் சொன்ன தேதியில் தருவார், யார் இழுப்பார் என்பதும் தெரிந்துவிட்டது. எங்கள் பகுதி ஆபரேட்டர்கள் பலருக்கு என் முகம் பழகிவிட்டது.

2023 ஜனவரியில் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பித்தேன். முன்னாள் படைவீரர்கள் அதில் சிறப்புப் பிரிவு. சொந்தப் பங்கு ஐந்து சதவீதம் போதும், கிராமப் பகுதி என்றால் மானியம் 35 சதவீதம். மானியம் கையில் வராது, மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து பிறகு கடனில் கழியும். என் திட்ட மதிப்பு 12 லட்சம். அதில் மூன்றரை லட்சத்தை நடைமுறை மூலதனமாக, அதாவது அன்றாடம் சரக்கு வாங்கவும் கடன் தாங்கவும் வேண்டிய பணமாக, காட்டினேன், அந்தக் கடன் நோட்டை நினைத்து.

மையத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. வங்கிக் கிளையில்தான் நாலரை மாதம் நின்றது. மேலாளர் மாறினார், புதியவர் கோப்பை முதலிலிருந்து படித்தார், பிறகு ஓய்வூதியக் கணக்கை அங்கே மாற்றச் சொன்னார். மாற்ற மாட்டேன் என்று பணிவாகச் சொன்னேன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்து ஒரு கடிதமும் இரண்டு போனும் போன பிறகு கோப்பு நகர்ந்தது. அந்த அலுவலகத்தை நம் ஆட்கள் அடையாள அட்டைக்கும் பிள்ளைகளின் படிப்பு உதவிக்கும் மட்டும் நினைக்கிறார்கள். தொழில் தொடங்கும் முன் அங்கே ஒரு நாள் போய் உட்காருங்கள். நான் கடை திறந்த மறுவருடம், 2024 சுதந்திர தினத்தன்று, தமிழக அரசு முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தை அறிவித்தது. முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தொழில் கடன், 30 சதவீத மூலதன மானியம், மூன்று சதவீத வட்டி மானியம். இப்போது வெளியே வருபவர்கள் முதலில் அதை விசாரிக்க வேண்டும்.

கடை திறந்து முதல் ஆறு மாதம் என் கூலி போக லாபம் என்று எழுத எதுவும் இல்லை. ஏழாவது மாதம் முதல்முறையாக 6,200 ரூபாய் எழுதினேன். வீட்டில் அந்த ஆறு மாதமும் அரிசிக்கோ மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ ஒரு வார்த்தை எழவில்லை, ஓய்வூதியம் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இப்போது ஒரு பையன் வேலைக்கு இருக்கிறான். கடன் நோட்டு ஒன்றரை லட்சத்தைத் தாண்ட விடுவதில்லை.

என் அக்கா மகன் 2023 ஆரம்பத்தில் அக்னிவீரராகப் போனான். நான்கு வருடம் முடிந்து நிரந்தரம் ஆகாவிட்டால் சேவா நிதி என்கிற மொத்தத் தொகை சுமார் 11.71 லட்சத்தோடு வருவான், ஓய்வூதியம் கிடையாது. "மாமா, அந்தப் பணத்தை வெச்சு வந்ததும் தொடங்கிடலாமா?" என்று கேட்டான். என் வழி அவனுக்குப் பொருந்தாது. எனக்கு வீட்டுக்கு ஓய்வூதியம் இருந்தது, அவனுக்கு அந்த 11 லட்சம்தான் வீடும் தொழிலும். அவனுக்கு வயது இருபத்து மூன்றுதான் இருக்கும், காத்திருக்கக் காலம் உண்டு. முதலில் ஒரு வேலை, அந்தப் பணத்தைத் தொடாமல் இரண்டு வருடம், அப்புறம் பேசலாம் என்றேன். அவன் முகம் வாடியது. எனக்கும் கஷ்டமாக இருந்தது.

ஆனால் போன லீவில் வீட்டில் பையை வைத்ததும் நேராகக் கடைக்கு வந்தான். பத்து நாள் கூடவே நின்று ஹோஸ் வெட்டினான். கிளம்புகிற அன்று என் பழைய நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு, காலியாக இருந்த பின்பாதியைக் கேட்டான். கொடுத்து அனுப்பினேன்.