போஸ்டருக்குப் பின்னால்

பிப்ரவரி 9

துவைத்த துணியை மகனின் அலமாரியில் வைக்கப் போனேன். சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. ஒட்டிவிடலாமே என்று தூக்கிப் பார்த்தால் பின்னால் சுவர் குழிந்திருக்கிறது. குழியின் ஓரத்தில் காய்ந்துபோன பழுப்புக் கறை.

இரண்டு மாதமாகவே அவன் வலது கை விரல் முட்டிகளில் பொருக்குத் தட்டியிருக்கும். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. "பந்து பட்டுடுச்சு" என்பான். சரியான கோபக்காரன், அப்பாவை உரிச்சு வெச்சிருக்கான் என்று நானும் இவரும் சிரித்துக்கூட இருக்கிறோம். கோபம் வந்து சுவரைக் குத்துகிறவன் அதன் மேல் போஸ்டர் ஒட்டி மறைப்பானா? அவனுக்கு வயது 14.

பிப்ரவரி 10

எப்படிக் கேட்கக் கூடாதோ அப்படியே கேட்டேன்.

"என்னடா இது? உனக்கு என்ன குறை வெச்சோம்?"

அவன் என் முகத்தைத்தான் பார்த்தான். நான் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. முகத்தில் பயமும் ஆத்திரமும் இருந்திருக்கும். கூடவே, பெற்றவளுக்கு இப்படி ஒரு அவமானமா என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. "ஒண்ணுமில்லம்மா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதோடு முடிந்தது பேச்சு.

பிப்ரவரி 12

இவர் ஒரு பட்டியல் போட்டார். போனை வாங்கி வைக்க வேண்டும், அறைத் தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டும், தினமும் ராத்திரி கையைக் காட்டச் சொல்ல வேண்டும். நானும் தலையாட்டினேன்.

முதல் நாள் காட்டினான். இன்று காலை முழுக்கால் பேண்ட்டோடு தூங்கி எழுந்து வந்தான். எப்போதும் அரை டிராயர்தான் போடுவான். சோதனை போட ஆரம்பித்ததும் காயம் நிற்கவில்லை, கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 14

சைக்காலஜிஸ்ட்டிடம் போனோம். அவனோடு தனியாக முக்கால் மணி நேரம், பிறகு எங்களோடு.

நான் கேட்ட முதல் கேள்வி, "கவனத்தை ஈர்க்கப் பண்றானா மேடம்?" அவர் திருப்பிக் கேட்டார்: "கவனம் வேணும்னா போஸ்டர் எதுக்கு ஒட்டினான்?"

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதி வைக்கிறேன். உள்ளே ஒரு உணர்ச்சி தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போது, உடம்பின் வலி அதை ஒரு நிமிடம் அணைத்துவிடுகிறது. வலி குறையும்போது மனதும் சேர்ந்து இறங்குகிறது. அந்த ஒரு நிமிட நிம்மதிதான் மறுபடி மறுபடி இழுக்கிறது. சிலருக்கு இது தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை. சிலருக்கு எதுவுமே உறைக்காத மரத்துப்போன நிலையிலிருந்து வெளியே வர ஒரு வழி. சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லாமலேயே இது நடக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அதை வைத்து ஆபத்தில்லை என்று விட்டுவிடக் கூடாதாம். காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014 கணக்கில், வளரிளம் பருவத்தினரில் ஏறக்குறைய 17 சதவீதம் பேர் ஒருமுறையாவது இதைச் செய்தவர்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆறேழு பேர். 12லிருந்து 14 வயதுக்குள் தொடங்குவதுதான் அதிகம். பையன்கள் சுவரைக் குத்தினால் வீடு அதைக் கோபக் கணக்கில் எழுதிவிடுகிறது என்றார். நான் இவரைப் பார்க்கவில்லை. இவரும் என்னைப் பார்க்கவில்லை.

தற்கொலை எண்ணம் உண்டா என்று அவனிடம் நேராகவே கேட்டாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிட மாட்டோமா? மாட்டோம் என்றார். அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், அப்படிக் கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு மனக்கலக்கமோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்சம் லேசாகக்கூட ஆகியிருக்கிறது.

"நீங்களும் கேட்கணும்" என்றார் என்னிடம்.

பிப்ரவரி 15

கேட்கவில்லை.

பிப்ரவரி 17

துணி மடித்துக்கொண்டிருந்தோம். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும், பக்கத்தில் உட்கார்ந்து கைக்கு ஏதாவது வேலை இருக்கும்போது கேளுங்கள் என்று சைக்காலஜிஸ்ட் சொல்லியிருந்தார். அவன் சாக்ஸுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தான்.

"கண்ணா, செத்துப் போகணும்னு எப்பவாவது தோணுதாடா?"

அவன் கை நிற்கவில்லை. ஒரு சாக்ஸை உள்வெளியாகத் திருப்பினான், மறுபடி நேராக்கினான்.

"சாகணும்னு இல்லம்மா. சில நேரம் எதுவுமே வேண்டாம்னு இருக்கும்."

அறிவுரை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். "எப்ப அப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு நிமிடம் போல ஆகியிருக்கும். "ராத்திரி. குரூப்ல எல்லாரும் பேசிக்கிட்டிருப்பாங்க, நான் போட்டா மட்டும் யாரும் பதில் போட மாட்டாங்க." இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று எனக்குப் பட்டது நிஜம். அது அவனுக்குச் சின்னதாக இல்லை என்பதும் நிஜம்.

வீட்டில் உள்ள மாத்திரைகளையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். ஏன் பூட்டுகிறேன் என்பதை அவனிடம் சொல்லிவிட்டே செய்தேன். "சரி" என்றான். தாழ்ப்பாளை இவரே திரும்பப் பொருத்தினார். கை காட்டும் சடங்கும் அன்றோடு நின்றது.

மார்ச் 1

இன்று சுயகாய விழிப்புணர்வு நாளாம், அதாவது தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதைப் பற்றிய விழிப்புணர்வு நாள். அவன் தொடங்கியிருக்கும் சிகிச்சைக்கு டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்று பெயர், தாங்க முடியாத உணர்ச்சியைக் கையாளப் பழக்குகிற பேச்சுச் சிகிச்சை. அதை உருவாக்கிய மார்ஷா லினஹான் என்பவரைப் பற்றிப் படித்தேன். 1961இல், 17 வயதில், தன்னைக் கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டதால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்திருக்கிறார். பிறகு உளவியல் படித்து இந்த சிகிச்சையையே உருவாக்கினார். தன் கதையை வெளியே சொன்னது 2011இல், அதே மருத்துவமனைக்குப் போய் நின்று.

ஐம்பது வருடம் மூடி வைத்திருந்திருக்கிறார். இரண்டு மாதம் எங்களிடம் மறைத்தான் என்று நான் அவன் மேல் கோபப்பட்டேன்.

மார்ச் 13

நான்கு வாரம் சும்மா இருந்தான். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு எங்கள் அறைக் கதவைத் தட்டினான்.

"அம்மா, பஞ்சு எங்க இருக்கு?"

கையைத் துண்டில் சுற்றியிருந்தான். வீங்கியிருந்தது, இரண்டு இடத்தில் தோல் கிழிந்திருந்தது. விரலை மடக்கி நீட்டச் சொன்னேன், முடிந்தது. விரல் அசைகிறது என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. குழாயடியில் காட்டிக் கழுவினோம். துடைக்கும்போது அவன் மறுபடி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அந்த முதல் ராத்திரி மாதிரியே. முகத்தை எதுவும் செய்யாமல் வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "எரியுதா?" என்றேன். "கொஞ்சம்." ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. இனிமேல் செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணு என்றும் கேட்கவில்லை. சத்தியம் வாங்கினால் அடுத்த முறை கதவைத் தட்ட மாட்டான், அவ்வளவுதான் நடக்கும்.

கட்டுப் போட்டு முடித்ததும் அவனே சொன்னான்: "பதினஞ்சு நிமிஷம் தள்ளிப் போட்டேன்மா. முகத்துல தண்ணி அடிச்சேன், மூச்சை மெதுவா விட்டேன், அவங்க சொன்ன மாதிரியே. கடைசில முடியல."

முதலில் பதினைந்து நொடிகூடத் தள்ளிப் போட்டதில்லையே இவன். காயப்படுத்திக்கொள்ளத் தூண்டும் அந்த வேகம் அலை மாதிரி ஏறி இறங்கக்கூடியது, இறங்கும்வரை காத்திருக்கப் பழக்குவதுதான் சிகிச்சையில் பாதி என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அவனிடம் சொன்னேன். காலையில் இவர் விஷயம் கேட்டு, ஒன்றும் பேசாமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இவருக்கு அது பெரிய காரியம்.

மார்ச் 22

என் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "பையனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களாமே?" எங்கிருந்து கசிந்ததோ. "அவன் விஷயம்க்கா, அவன் சொன்னா சொல்றேன்" என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். வைக்கட்டும். இந்தக் குறிப்புகளை வெளியிடலாமா என்று அவனிடமும் கேட்டுவிட்டேன். பேர் வேண்டாம் என்றான், பள்ளி பற்றி ஒன்றும் வேண்டாம் என்றான். பந்து விளையாட்டை மட்டும் விட்டுவைத்தான்.

ஏப்ரல் 6

படித்துவிட்டு ஒரு அம்மா எழுதியிருந்தார்: எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும்? எங்களுக்குச் சொல்லப்பட்டதை அப்படியே தருகிறேன். ரத்தம் நிற்காத காயம், ஆழமான காயம் என்றால் உடனே மருத்துவமனை. மாத்திரை எதையாவது அதிகமாக விழுங்கியிருந்தால், பிள்ளை பார்க்க நன்றாக இருந்தாலும் அந்த நிமிடமே கிளம்புங்கள். சில மருந்துகளின் கேடு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். சாக வேண்டும் என்று சொன்னால், அதிலும் எப்படி, எப்போது என்பது வரை யோசித்திருந்தால், தனியாக விடாதீர்கள். அவசர உதவிக்கு அழையுங்கள். மற்றபடி, திட்டுவதற்கு முன் ஒரு மனநல நிபுணரிடம் நேரம் வாங்குங்கள். நாங்கள் இரண்டையும் செய்தோம், வரிசையைத்தான் மாற்றிவிட்டோம்.

ஏப்ரல் 27

ஆஸ்திரேலியாவில் 1992 முதல் 2008 வரை ஒரே பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். வளரிளம் பருவத்தில் காயப்படுத்திக்கொண்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெரியவர்களான பிறகு அதைச் செய்யவில்லை. இவரிடம் வாசித்துக் காட்டினேன். "மீதி பத்து?" என்றார். அந்த ஆய்வில், சின்ன வயதில் மனச்சோர்வும் பதற்றமும் இருந்தவர்களுக்குப் பின்னாளில் இது வரும் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கிறது. அதனால் சிகிச்சையை நடுவில் விடுவதாக இல்லை.

மே 4

தினமும் நிரப்ப வேண்டிய அட்டை ஒன்று தந்திருக்கிறார்கள். எவ்வளவு வேகம் வந்தது, என்ன செய்தான் என்று பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும். வியாழன் முதல் காலியாகவே கிடக்கிறது. "போர்ம்மா, ஹோம்வொர்க் மாதிரி இருக்கு" என்கிறான். நாளை அவனே சைக்காலஜிஸ்ட்டிடம் சொல்லிக்கொள்ளட்டும்.

போஸ்டரைக் கழற்றிவிட்டான். சுவரைப் பூசிவிடலாமா என்று இவர் கேட்டதற்கு, "இப்ப வேண்டாம்ப்பா" என்றான்.