சீரியத்துக்கு ஒரு லாந்தனத் துணை

உலோகத்தைக் குளிர்வித்தால் அதன் மின்தடை குறையும் என்று பள்ளியில் படித்த நினைவோடுதான் மாணவர்கள் கிண்டியில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறார்கள். செம்பைப் பொறுத்தவரை அது சரி: அணுக்களின் அதிர்வு அடங்க அடங்கத் தடையும் குறைந்து, கடைசியில் மாசுகளும் படிகக் குறைகளும் உண்டாக்கும் எச்சத் தடை மட்டும் மிஞ்சும். சீரியம் என்ற அருமண் உலோகம் அடங்கிய இடையுலோகச் சேர்மங்களில் (உலோகங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் ஒழுங்காகச் சேர்ந்தவை) அப்படியில்லை.

சீரிய அயனி ஒவ்வொன்றிலும் 4எஃப் என்ற உட்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான் இருக்கிறது. அதன் காந்தத் திருப்புத்திறன், கடந்து செல்லும் எலக்ட்ரான்களைச் சிதறடிக்கிறது. வெப்பநிலை குறையக் குறைய இந்தச் சிதறல் மடக்கை விகிதத்தில் கூடுகிறது. 1934-இல் தங்கத்தில் காணப்பட்ட மின்தடைச் சிறுமத்துக்கு, அதாவது குளிரக் குளிரக் குறைந்த தடை ஒரு கட்டத்துக்குப் பின் மீண்டும் ஏறியதற்கு, 1964-இல் ஜப்பானிய இயற்பியலாளர் ஜுன் கோண்டோ அளித்த விளக்கம் இதுதான். ஆனால் தங்கத்தில் காந்தத் தன்மையுள்ள மாசு அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்க, சேர்மத்திலோ சீரிய அணுக்கள் வரிசை தவறாமல் அமர்ந்திருக்கின்றன. எனவே போதிய அளவு குளிர்ந்ததும் அவை ஒத்திசைந்து நடந்துகொள்ள, ஏறிய தடை உச்சம் தொட்டுச் சரேலென இறங்குகிறது.

இப்படியொரு சீரியச் சேர்மத்தை அளக்க, அதன் ஆறு மில்லிமீட்டர் நீளச் சில்லின் மீது, தலைமுடியைவிட மெல்லிய நான்கு தங்கக் கம்பிகளைப் பல்குச்சி முனையில் எடுத்த வெள்ளிப் பசையால் ஒட்டினேன். வெளிக் கம்பிகள் இரண்டில் மின்னோட்டம், உள்ளிரண்டில் மின்னழுத்தம். இதனால் தொடுமுனைகளின் தடை கணக்கில் சேராது. மழைநாளில் பசை சரியாக உலரவில்லை போலும். 40 கெல்வின் அருகே வந்த ஒரு தாவலைப் படிகக் கட்டமைப்பு மாற்றம் என்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்; புதிதாக ஒட்டி அளந்தபோது அதைக் காணவில்லை.

அதன் பிறகும் 300-இலிருந்து 100 கெல்வின் வரை வரைபடம் ஏறக்குறையத் தட்டையாகவே இருந்தது. அதே படிக அமைப்புள்ள, 4எஃப் எலக்ட்ரான் இல்லாத லாந்தனச் சேர்மத்தையும் செய்து அளக்க வேண்டும் என்பது தெரிந்தும், ஆர்கான் வாயுவில் மறுபடி மின்வில்லால் உருக்கி, ஒரு வாரம் சூட்டில் வைத்துப் பதப்படுத்தும் வேலைக்குச் சோம்பித் தள்ளிப்போட்டிருந்தேன். அதைச் செய்து, அதன் தடையைச் சீரியச் சேர்மத்தின் தடையிலிருந்து கழித்துப் பார்த்ததும் விஷயம் விளங்கியது: அதிர்வுப் பங்கு குறைந்த அளவுக்குக் காந்தப் பங்கு கூடி ஒன்றையொன்று மறைத்திருந்தன. வெப்பநிலையை மடக்கை அச்சில் குறித்தபோது, குளிரக் குளிரக் காந்தப் பங்கு நேர்கோடாக ஏறியது.

உச்சத்துக்குக் கீழே, மின்தடையானது வெப்பநிலையின் இருமடிக்கு ஏற்ப மாறும் பகுதி இன்னும் கண்ணில் படவில்லை. எங்கள் கருவி 2 கெல்வினோடு நின்றுவிடுகிறது. அதற்கும் கீழே போக ஹீலியத்தின் இலேசான ஐசோடோப்பான ஹீலியம்-3 வேண்டும்.